பெறாமகளும் வாசல் சப்பாத்துகளும்

என் வீட்டு வாசலில் ஒருவர் குனிந்து நின்று சப்பாத்துகளைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை பின்னேரம். தமிழ்க் கடையில் வாங்கிய முருங்கைக்காயும் கீரைக்கட்டும் காரின் பின்சீற்றில் கிடந்தன. நான் கார்க் கதவைச் சாத்திய சத்தத்தில் அவர் நிமிர்ந்தார். ஒரு கையில் போன், மற்றக் கையில் நாயின் பட்டி. நாய் என் செவ்வந்திச் சாடியை மணந்துகொண்டிருந்தது.

"ஹலோ, இன்றைக்கு நல்ல வெயில், இல்லையா?" என்றார்.

நானும் சிரித்துத் தலையாட்டினேன். இந்த நாட்டுக்கு வந்து பழகிய கெட்ட பழக்கங்களில் அதுவும் ஒன்று. யாராவது வெயிலைப் பற்றியோ மழையைப் பற்றியோ சொன்னால், அவர் கையில் என்ன இருக்கிறது என்று பார்க்காமலே ஆமோதித்துவிடுவேன். அவர் நாயை இழுத்துக்கொண்டு போனார். தெருமுனை திரும்பும் வரைக்கும் எனக்குக் கோபம் வரவில்லை. எனக்குக் கோபம் எப்போதும் பிந்தித்தான் வரும். வந்தால் லேசில் போகாது. இதை எழுதுகிற இன்றைக்கும் போகவில்லை.

உள்ளே தர்சிகாவும் அவளோடு படிக்கும் பிள்ளைகளும் நிலத்தில் வட்டமாக இருந்து சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். தர்சிகா என் கடைசித் தங்கையின் மகள். கிளிநொச்சியிலிருந்து இங்குள்ள பல்கலைக்கழகத்துக்குப் படிக்க வந்து எங்கள் வீட்டில் இருந்தாள். வெள்ளிக்கிழமைகளில் அவளுடைய வகுப்புப் பிள்ளைகள் சிலர் வருவார்கள். ஒரு பஞ்சாபிப் பிள்ளை, ஒரு நைஜீரியப் பெடியன், ஒரு சீனத்துப் பிள்ளை, இன்னும் சிலர். பருப்பும் கத்தரிக்காய்ப் பால்கறியும் சாப்பிட்டுவிட்டு மேசையில் புத்தகங்களைப் பரப்புவார்கள். கோயிலுக்குள் போவதுபோல எல்லோரும் சப்பாத்தை வாசலில் கழற்றிவிட்டு வருவார்கள். தர்சிகா அப்படிச் சொல்லிக் கொடுத்திருந்தாள்.

இந்த ஊர்க்காரர்களும் சப்பாத்தைக் கழற்றுகிறவர்கள்தான். ஆனால் உள்ளே, கதவுக்குப் பின்னால், யாருக்கும் தெரியாமல் கழற்றுவார்கள். எங்கள் வீடுகளில் அது வெளியே கிடக்கும். உள்ளே ஆட்கள் இருக்கிறார்கள் என்பதில் எங்களுக்கு வெட்கம் ஒன்றுமில்லை.

பால் வேண்டும், மாடு வேண்டாம்

இந்தத் தொடரை முதலிலிருந்து படிக்கிறவர்களுக்குத் தெரியும், நாங்கள் கனடாவுக்கு வந்து பார்க்டேல் என்ற பகுதியில் தொடங்கி, மோர்னிங்சைட் என்ற பகுதியில் பிள்ளைகளை வளர்த்து, ஓய்வு பெறும் வயதில் இந்தத் தெருவுக்கு வந்து சேர்ந்தவர்கள். பல்கலைக்கழகத்துக்குப் பின்பக்கம், பள்ளத்தாக்கு ஓரமாக, பெரிய மரங்களும் பெரிய வளவுகளும் உள்ள தெரு. வாங்கும்போது எல்லோரும் சொன்னார்கள், "படிச்ச ஆக்கள் இருக்கிற இடம்" என்று. நானும் அதைப் பெருமையாக நாலு பேருக்குச் சொன்னேன்.

படித்தவர்கள்தான். காலையில் ஓடுவார்கள். பின்னேரம் நாய்களோடு நடப்பார்கள். மரம் ஒன்றை வெட்டுவதானால் கூட்டம் போடுவார்கள். வீட்டு முன்புல்லில் பலகைகள் நடுவார்கள். ஒரு பலகையில் பல மொழிகளில் 'எல்லோரும் இங்கே வரவேற்கப்படுகிறீர்கள்' என்று இருக்கும். அதில் தமிழும் உண்டு. 'வனக்கம்' என்று ஒரு சுழி குறைத்து எழுதியிருப்பார்கள். பிழையோடு வரவேற்றாலும் வரவேற்புத்தானே என்று நான் பேசாமல் இருந்தேன்.

போன புரட்டாதியில் அதே புல்லில், அந்தப் பலகைக்குப் பக்கத்தில், இன்னொரு பலகை முளைத்தது. 'நமது தெரு குடும்பங்களுக்கே.'

குடும்பம் என்ற சொல்லை ஒரு வசைச் சொல்லாகப் பாவிக்க முடியும் என்பதை நான் இங்கே வந்துதான் அறிந்தேன். அந்தப் பலகை எங்களைப் பற்றியது அல்ல, மாணவர்களைப் பற்றியது என்று சொன்னார்கள். மாணவர்கள் வீடுகளை வாடகைக்கு எடுக்கிறார்களாம். குப்பைப் பெட்டியைப் பிழையான நாளில் வைக்கிறார்களாம். கூட்டமாக நடக்கிறார்களாம்.

இந்தத் தெருவில் பாதிப் பேருக்குச் சோறு போடுவது அந்தப் பல்கலைக்கழகம். அதன் நீச்சல் குளத்தில் நீந்துவார்கள், அதன் இசைக் கச்சேரிக்குப் போவார்கள், அதன் பெயரைச் சொல்லித்தான் வீட்டை விற்பார்கள். அதற்குள் படிக்கிற பிள்ளை மட்டும் வகுப்பு முடிந்ததும் காற்றில் கரைந்துவிட வேண்டும். பால் வேண்டும், மாடு வேண்டாம். இதைப் பண்பாடு என்று சொல்கிறார்கள். நான் அதற்கு வேறு பெயர் வைத்திருக்கிறேன், பத்திரிகையில் எழுத முடியாது.

படம் எடுத்த மனிதர் இந்தத் தெருவின் குடியிருப்போர் சங்கத் தலைவர். பேராசிரியர். அவர் படிப்பிப்பது என்ன தெரியுமா? அகதிகளும் குடிப்பெயர்வும்.

நாங்கள் வந்த புதிதில் அவர் எங்கள் வீட்டுக்கு ஒலிப்பதிவுக் கருவியோடு வந்தார். நான் சுட்ட உளுந்து வடையைச் சாப்பிட்டுக்கொண்டே கேள்விகள் கேட்டார். பார்க்டேலில் ஓர் அறையில் ஏழு பேர் படுத்தோம் என்று என் கணவர் சொன்னபோது அவருக்குக் கண் கலங்கியது. உங்கள் சமூகத்தின் ஒற்றுமை அற்புதமானது என்றார். அந்த ஒற்றுமை ஒரு வெள்ளிக்கிழமை அவர் நடைபாதைக்குப் பக்கத்தில் சப்பாத்தாகக் கிடந்தபோது கண் கலங்கவில்லை, போனைத்தான் எடுத்தார். படிக்கிறது தேவாரம், இடிக்கிறது சிவன் கோயில்.

பார்க்டேல் குளியல் தொட்டி

அந்த ஏழு பேர் கதையைச் சொல்லாமல் மிச்சத்தைச் சொல்ல முடியாது.

என் கணவர் எனக்கு முன்னரே கனடாவுக்கு வந்தவர். பார்க்டேலில் ஒரு பழைய கட்டடத்தில் ஒற்றைப் படுக்கையறை அப்பாட்மென்ற் அவருடைய பெயரில் இருந்தது. ஊரிலிருந்து வந்து இறங்கிய பெடியன்கள் ஒருவர் பின் ஒருவராக அங்கே வந்து சேர்ந்தார்கள். இவர் வாயில் விரலை வைத்தாலும் கடிக்கத் தெரியாதவர். வந்த எவரையும் போ என்று சொல்லவில்லை.

கட்டடத்தைப் பார்த்துக்கொண்டவர் ஒரு போலந்துக்காரர். ஒருநாள் கதவைத் தட்டி, இவர்கள் எல்லாம் யார் என்று கேட்டார். இவருக்கு அப்போது ஆங்கிலம் மட்டுமட்டு. "தம்பிமார்" என்றார். எல்லாருமா என்று அவர் கேட்டார். எல்லோரும் ஒரே குரலில் "பிரதர்ஸ், பிரதர்ஸ்" என்றார்கள். அவர் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார். ஒரு நிபந்தனை மட்டும் வைத்தார். பனிச் சப்பாத்துகள் நடைபாதையில் கிடக்கக் கூடாது. மற்றக் குடித்தனக்காரர்கள் பார்த்தால் கதை வரும்.

அந்த வேலையை எடுத்துக்கொண்டவர் குலம். கூட்டத்தில் ஆக இளையவர். இரவுக்குள் எல்லாருடைய பூட்ஸையும் அள்ளிக் குளியல் தொட்டிக்குள் அடுக்குவார். காலையில் குளிக்கப் போகிறவர் முதலில் சப்பாத்துக் குவியலை வெளியே எடுக்க வேண்டும். நான் கல்யாணமாகி வந்து இறங்கியபோது அந்த வீட்டில் முதன்முதலில் பார்த்தது அதைத்தான். தொட்டி நிறையச் சப்பாத்து, உருகிய பனித் தண்ணீர், உப்புக் கறை.

நான் வந்த பிறகும் இரண்டு பேர் போக இடமில்லாமல் இருந்தார்கள். அதில் ஒருவர் குலம். இரண்டு வின்ரர், அதாவது இரண்டு குளிர்காலம், எங்களோடு இருந்தார். எனக்கும் அவருக்கும் ஒரு சொந்தமும் இல்லை, இவருக்கும் அவருக்கும் ஒரே ஊர்கூட இல்லை. ஆனாலும் என்னை 'அண்ணி' என்றுதான் கூப்பிட்டார். போலந்துக்காரருக்குச் சொன்ன பொய்யை நாங்கள் எல்லோரும் உண்மையாக நடத்திக்கொண்டு போனோம். நான் அவரை 'நீர்' என்று கதைப்பேன். தம்பி முறைக்கு அது போதும்.

இன்றைக்குக் குலம் வீடு விற்பனை முகவர். பஸ் தரிப்பிடங்களில் அவருடைய சிரித்த முகத்தைப் பார்த்திருப்பீர்கள். இந்தப் பத்திரிகையிலும் விளம்பரம் வரும், ஆகவே ஆசிரியர் இந்தப் பந்தியை வெட்டினால் நான் ஆச்சரியப்படமாட்டேன். எங்கள் தெருவின் முனையில் இருக்கும் பெரிய வீடு அவருடையது. எங்களுக்கு வீடு வாங்கித் தந்ததும் அவர்தான். குடியிருப்போர் சங்கத்தில் உப தலைவர் ஆன பிறகு தெருவில் என்னைக் கண்டால் ஆங்கிலத்தில் "ஹாய்" என்பார். அண்ணி எங்கே போனாள் என்று நான் கேட்கவில்லை. ஆள் வளர்ந்துவிட்டார் என்று நானும் 'நீங்கள்' போட்டுக் கதைக்கத் தொடங்கினேன்.

தர்சிகா வந்து சேர்ந்த முதற்கிழமை இவர் அவளைக் குலத்தின் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். "இது எங்கட பெறாமகள்" என்று அறிமுகப்படுத்தினாராம். தங்கையின் மகளை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம்.

"அப்ப எனக்கும் பெறாமகள்தானே அண்ணை" என்று குலம் சொன்னாராம். பிள்ளை வீட்டுக்கு வந்து சந்தோசமாக அதை என்னிடம் சொன்னாள்.

வாசலில் வந்து கேட்ட கேள்வி

படம் எடுத்த அடுத்த கிழமை மாநகர சபையிலிருந்து ஒரு அதிகாரி வந்தார். வாசலில் கிடக்கும் சப்பாத்துகளைக் காட்டி, இந்த வீட்டில் அனுமதி இல்லாமல் அறை அறையாக வாடகைக்கு விட்டிருக்கிறார்கள் என்று யாரோ முறைப்பாடு கொடுத்திருந்தார்கள். நாங்கள் இருவரும் இவருடைய கண் வைத்தியரிடம் போயிருந்தோம். தர்சிகா தனியாக இருந்தாள்.

அந்த அதிகாரியைக் குறை சொல்ல மாட்டேன். தன்மையான பெடியன் என்று தர்சிகாவே சொன்னாள். வாசலில் சப்பாத்தைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தாராம். புகை எச்சரிக்கை மணியைப் பார்த்தார், நிலத்துக்குக் கீழுள்ள பேஸ்மென்ற்றைப் பார்த்தார், வீட்டில் யார் யார் இருக்கிறீர்கள் என்று கேட்டார். ஒரு பிரச்சினையும் இல்லை என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அவரைப் பொறுத்தவரையில் விசயம் அதோடு முடிந்தது. தர்சிகாவுக்கு அங்கேதான் தொடங்கியது.

அவள் போர் முடிந்த காலத்தில் குழந்தையாக முகாமில் இருந்தவள். வாசலில் ஆட்கள் வந்து நின்று வீட்டில் யார் யார் என்று கேட்பது அவளுக்கு ஒரு சாதாரணக் கேள்வி அல்ல. நாங்கள் வந்து பார்த்தபோது குசினிக் கதிரையில் கோட்டைக் கழற்றாமல் இருந்தாள். பக்கத்தில் அவள் ஊரிலிருந்து கொண்டுவந்த சூட்கேஸ்.

"நான் போறன் பெரியம்மா" என்றாள்.

"எங்கை போறாய்?"

"மோர்னிங்சைட்டிலை எங்கட வகுப்புப் பிள்ளையள் ஒரு பேஸ்மென்ற் எடுத்திருக்கினம். அதிலை ஒரு இடம் இருக்கு."

"அவர் ஒண்டும் பிழையில்லை எண்டுதானே சொன்னவர்?"

"இண்டைக்குச் சொன்னவர். நாளைக்கு வேறை ஆள் வந்தால்? என்ர விசாவிலை கை வைச்சால் அம்மா செத்துப்போவா. உங்களுக்கும் கரைச்சல்."

விசாவுக்கும் வாசல் சப்பாத்துக்கும் ஒரு தொடர்பும் இல்லை என்று நான் சொல்லிப் பார்த்தேன். இவரும் சொன்னார். பயந்த பிள்ளைக்குச் சட்டம் சொன்னால் விளங்குமா? அவளை என் கண்ணுக்கு முன்னால், என் கூரைக்குக் கீழே வைத்திருந்து படிப்பிக்கிறேன் என்று தங்கைக்குச் சொன்னவள் நான். தங்கை என்னிடம் வேறு எதையும் கேட்டதில்லை. அந்த வாக்குச் சூட்கேஸின் சில்லில் உருண்டு வாசலைத் தாண்டிப் போவதை நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அன்றைக்கே இவர் வாசலில் கிடந்த எங்கள் சப்பாத்துகளை அள்ளிக் கராஜுக்குள் வைத்தார். பயத்தில் செய்தார். நான் எல்லாவற்றையும் திரும்ப எடுத்து வந்து வாசலில் போட்டேன். நாங்கள் இருவரும் அன்று கதைக்கவில்லை.

சங்கக் கூட்டம் வரப்போவதாக மின்னஞ்சல் வந்தது. தலைப்பு, 'நமது தெருவின் தன்மையைக் காப்பது.' நான் தர்சிகாவுக்குப் போன் அடித்தேன்.

"கூட்டத்துக்கு வா. இது ஆரின்ர வீடு, நீ ஆரெண்டு எல்லாருக்கும் முன்னாலை சொல்லிப்போட்டு உன்னைத் திருப்பிக் கூட்டிக்கொண்டு வாறன்."

வாறன் என்றாள்.

மொழிபெயர்ப்பாளர்

கூட்டம் ஆரம்பப் பாடசாலையின் விளையாட்டு மண்டபத்தில் நடந்தது. மடக்குக் கதிரைகள், பெரிய பிளாஸ்கில் கோப்பி, ஒருவர் வீட்டில் செய்துவந்த வாழைப்பழக் கேக். முன்னால் மேசையில் பேராசிரியரும் குலமும் இருந்தார்கள். குலம் எங்களைக் கண்டு தலையை அசைத்தார். தர்சிகாவைக் கண்டதும் தண்ணீர்ப் போத்தலைத் திறந்தார்.

பேராசிரியர் சுவரில் படங்கள் காட்டினார். ஒரு வீட்டின் குப்பைப் பெட்டி, இன்னொரு வீட்டின் உடைந்த வேலி. மூன்றாவதாக என் வாசல். என் செவ்வந்திச் சாடி, இவருடைய தோட்டச் செருப்பு, பிள்ளைகளின் சப்பாத்துகள். எந்த வீடு என்று அவர் சொல்லவில்லை. அந்த நாகரிகத்தைப் பாருங்கள். மண்டபத்தில் பாதித் தலைகள் எங்கள் பக்கம் திரும்பின.

இதைச் சங்கத்தின் கவனத்துக்குக் கொண்டுவந்தவர் உப தலைவர் என்று சொல்லி, அவர் குலத்துக்கு நன்றி தெரிவித்தார்.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. எங்கள் வீட்டுக்கு எதிர்வீட்டை விற்பதற்குக் குலம் பலகை போட்டிருந்தார். வீடு பார்க்க வருகிறவர்கள் முதலில் பார்ப்பது எங்கள் வாசலைத்தான். இத்தனை நாளும் நான் பேராசிரியரை மட்டும் திட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

நான் எழும்பினேன். இவர் என் சேலையைப் பிடித்து இழுத்தார். நான் விடுவித்துக்கொண்டேன்.

"அது என் வீடு" என்று ஆங்கிலத்தில் சொன்னேன். "அங்கே யாருக்கும் அறை வாடகைக்கு இல்லை. இந்தப் பிள்ளை என் மகள். நான் அவளைப் பெறவில்லை."

இருபத்தைந்து வருடம் வங்கியில் வாடிக்கையாளருடன் ஆங்கிலத்தில் கதைத்து வேலை செய்தவள் நான். சகோதரியின் மகளுக்கு 'நீஸ்' என்ற சொல் எனக்குத் தெரியும். ஆனால் கோபம் வந்தால் எனக்குத் தமிழ்தான் வருகிறது. பெறாமகள் என்று நெஞ்சில் இருந்தது வாய்க்கு வரும்போது இரண்டு துண்டாக உடைந்து, பிழையான வரிசையில் ஆங்கிலமாக வந்து விழுந்தது. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். பேராசிரியர் சிரிக்கவில்லை. நெற்றியைச் சுருக்கிக் குலத்தின் பக்கம் திரும்பினார்.

"எங்களுக்கு உதவ முடியுமா? இவர் என்ன சொல்ல விரும்புகிறார்?"

ஒரு சொல் சொன்னால் போதும். சகோதரியின் மகள் என்று குலம் சொல்லியிருந்தால் எல்லாம் அந்த இடத்திலேயே முடிந்திருக்கும். மண்டபத்தில் தமிழ் தெரிந்த வேறு எவரும் எங்கள் மூவரைத் தவிர இல்லை.

குலம் தொண்டையைச் செருமினார். "எங்கள் மொழியில் அப்படி ஒரு சொல் உண்டு" என்று அழகான ஆங்கிலத்தில் தொடங்கினார். "நேரடியாகச் சொன்னால், பிறக்காத மகள். மகள் மாதிரி என்று அர்த்தம். அது ஒரு மரியாதை. எங்கள் ஆட்கள் எல்லோரையும் அண்ணன், அக்கா, மகள் என்றுதான் கூப்பிடுவார்கள். அதைச் சட்டபூர்வமான உறவாக எடுத்துக்கொள்ளக் கூடாது."

மண்டபம் விளங்கிக்கொண்டு தலையாட்டியது. பேராசிரியர் ஏதோ குறித்துக்கொண்டார். தர்சிகா தலையைக் குனிந்தாள். இவர் கைகளைப் பிசைந்தார்.

பிறத்தியான் செய்தால் தாங்கலாம். அவனுக்குத் தெரியாது என்று சொல்லி மனதை ஆற்றலாம். தெரிந்தவன், அந்தச் சொல்லைத் தன் வாயாலேயே சொன்னவன், அதை விரித்துக் காட்டிப் பிள்ளையை வெளியே தள்ளினான். ஏறி வந்த ஏணியை உதைக்கிறவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன். குலம் ஏணியில் இன்னும் ஆள் நிற்கும்போதே உதைத்தார்.

நான் கதிரையில் இருக்கவில்லை. தமிழுக்கு மாறினேன். 'நீங்கள்' தானாக உதிர்ந்து விழுந்தது.

"குலம், இஞ்சை பாரும். பார்க்டேலிலை நீர் இவருக்கு ஆர்?"

"இதைப் பிறகு கதைப்பம்" என்றார் மெதுவாக.

"இல்லை, இப்ப சொல்லும். அந்தப் போலந்துக்காரர் வந்து கேக்கேக்கை நீர் ஆரெண்டு சொன்னனீர்? தம்பி எண்டு. இவரின்ர தம்பி எண்டு சொல்லித்தானே ரெண்டு வின்ரர் அந்த வீட்டிலை படுத்தனீர், என்ர கையாலை திண்டனீர். ஒரு வயித்திலையே ரெண்டு பேரும் பிறந்தனீங்கள்? அந்த மனுசன் உமக்காக அதை நம்பினவர். என்ர கூடப்பிறந்தவளின்ர பிள்ளை எனக்கு ஆருமில்லை எண்டு நீர் இண்டைக்கு இதிலை இருந்து சொல்லுறீர். பெறாமகள் எண்டால் பெறேல்லை எண்டுதான் அர்த்தம். மகளில்லை எண்டு அர்த்தமில்லை. உமக்கு அது தெரியும்."



பேராசிரியர் பொறுமையாக இருந்தார். அகதிகளிடம் கேள்வி கேட்டுப் பழகிய பொறுமை. பிறகு குலத்திடம் கேட்டார், "இவர் என்ன சொன்னார்?"

குலம் தண்ணீர்ப் போத்தலைப் பார்த்தார். "பழைய கதை. கொஞ்சம் உணர்ச்சிவசப்படுகிறார்" என்றார்.

என் பக்கத்தில் கதிரை உரசிய சத்தம் கேட்டது. தர்சிகா எழும்பி நின்றாள். கோட்டின் பொத்தானைப் பிடித்துக்கொண்டு, அவளுக்கே உரிய நிதானமான ஆங்கிலத்தில், "என் பெரியம்மா கேட்டது இதுதான்" என்று தொடங்கினாள். போலந்துக்காரரை விடவில்லை, இரண்டு வின்ரரை விடவில்லை. திண்டதையும் படுத்ததையும் விடவில்லை. ஒரு சொல்லைக் கூட்டவில்லை, ஒன்றைக் குறைக்கவில்லை. 'மகளில்லை என்று அர்த்தமில்லை' என்ற இடத்தில் மட்டும் என்னைத் திரும்பிப் பார்த்தாள். சொல்லி முடித்தாள். பிறகு, "நான் அவருடைய தங்கையின் மகள்" என்றாள்.

வாழைப்பழக் கேக் கொண்டுவந்த பெண்மணி குலத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். குலம் சுவரில் இருந்த என் செவ்வந்திச் சாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பேராசிரியர் பகிர்ந்ததற்கு நன்றி என்றார். என்னையும் அவளையும் பார்த்து, மிகவும் நெகிழ்ச்சியாக இருந்தது என்றார். மன்னிப்பு என்ற சொல்லைப் பாவிக்கவில்லை. பிறகு அடுத்த விடயத்துக்குப் போனார். இலை ஊதும் இயந்திரங்களின் சத்தம்.

இரண்டு சோடி

நான் வென்றுவிட்டேன் என்று நினைத்தேன். காரில் ஏறியதும், "சூட்கேசை எடுத்துக்கொண்டு வருவம், நேரை மோர்னிங்சைட்டுக்கு விடுங்கோ" என்று இவருக்குச் சொன்னேன்.

"எடுக்க வேண்டாம் பெரியம்மா" என்றாள் தர்சிகா பின்சீற்றிலிருந்து. "நான் அங்கையே இருக்கிறன்."

"ஏன்? எல்லாத்தையும் நீதானே எழும்பிச் சொன்னனீ. இனி உன்னை ஆர் கேக்கப்போறான்?"

"ஒருத்தரும் கேக்கமாட்டினம். ஆனால் ஒவ்வொரு நாளும் அந்தத் தெருவாலை நடந்து போகேக்கை எல்லாருக்கும் என்னைத் தெரியும். நான் ஆரெண்டு நிரூபிச்ச பிள்ளை எண்டு தெரியும். என்ர வீட்டிலை இருக்கிறதுக்கு நான் ஏன் பெரியம்மா எழும்பி நிண்டு கதைக்கவேணும்?"

அவள் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை என்பதுதான் என்னை இன்னும் எரிக்கிறது. மோர்னிங்சைட்டில் அந்தப் பேஸ்மென்ற் வாசலில் இறக்கிவிட்டோம். சின்ன வாசல். படிகளில் கண்டபடி சப்பாத்துகள் கிடந்தன. அவள் தன்னுடையதை அதற்குள் கழற்றிவிட்டு உள்ளே போனாள். தங்கைக்கு என்ன சொல்வது என்று வீடு வரும் வரைக்கும் நான் யோசித்துக்கொண்டு வந்தேன். இன்னும் முழுதாகச் சொல்லவில்லை.

அடுத்த ஞாயிறு காலை மணி அடித்தது. கதவைத் திறந்தால் குலம். கையில் ஒரு பெட்டி மாம்பழம். மற்றக் கையில் அவருடைய சப்பாத்துகள். வாசலில் கழற்றி, அவற்றைத் தூக்கிப் பிடித்தபடி காலுறைகளோடு நின்றார். உள்ளே கொண்டுவந்து வைப்பதற்குத்தான். பார்க்டேலில் பழகிய கை இன்னும் மறக்கவில்லை.

"அண்ணி" என்றார். எத்தனையோ வருடங்களுக்குப் பிறகு. "அண்ணை நிக்கிறாரே? பிள்ளையைத் திருப்பிக் கூப்பிடுங்கோ. நான் சங்கத்திலை கதைக்கிறன். உள்ளுக்கு வந்து ஆறுதலாச் சொல்லுறன்."

இவர் எனக்குப் பின்னால் வந்து நின்றார். அவருக்கு மனம் இளகிவிட்டது, மூச்சிலேயே தெரிந்தது. இரண்டு வின்ரர் ஒரே வீட்டில் படுத்த தம்பியல்லவா. நான் வழியை விட்டு விலகினேன். கதவை அகலத் திறந்து பிடித்தேன்.

"வாரும் குலம். சப்பாத்தை வெளியிலை விட்டிட்டு வாரும்."

அவர் திரும்பித் தெருவைப் பார்த்தார். எதிர்வீட்டுப் புல்லில் அவருடைய முகம் போட்ட பலகை. அதற்கு அப்பால் நாயோடு பேராசிரியர் வந்துகொண்டிருந்தார்.

குலம் மாம்பழப் பெட்டியை நிலத்தில் வைத்துவிட்டு, குனிந்து, சப்பாத்தைக் காலில் போட்டுக்கொண்டார்.

"பிறகு வாறன்" என்றார்.

"பெட்டியையும் எடுத்துக்கொண்டு போம்" என்றேன்.

எடுத்துக்கொண்டு போனார். பேராசிரியர் நடைபாதையிலிருந்து கையசைத்து, நல்ல வெயில் என்றார். நான் இந்தமுறை தலையாட்டவில்லை. வாசலில் இவருடையதும் என்னுடையதுமாக இரண்டு சோடி கிடந்தன. படம் எடுக்கும்படியாக ஒன்றுமில்லை.